படுத்தெழும்பின காசு

நசீறா சீப்பின் முதுகைக் கொப்பியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு பென்சிலால் கோடு இழுக்கிறாள். ‘கறன்ற் 340’ என்று எழுதிய வரியின் நடுவால் கோடு போகிறது. மின்சாரக் கட்டணம் கட்டியாயிற்று, அந்தக் கணக்குத் தீர்ந்தது என்று பொருள். அடிமட்டம் வாங்குவதென்றால் இருபது ரூபா வேண்டும். சீப்பு வீட்டில் சும்மா கிடக்கிறது. அதன் பற்களில் பாதி போய்விட்டன, முதுகு மட்டும் நேராக இருக்கிறது. அவளுக்கு வேண்டியது முதுகுதான்.

நேரம் காலை ஒன்பதரை. மன்னார் நகரத்துச் சாப்பாட்டுக் கடைகள் மூன்றுக்கு முந்நூறு இடியப்பம் கொடுத்துவிட்டு, எருக்கலம்பிட்டிச் சந்தியில் இப்போதுதான் பஸ்ஸால் இறங்கி வந்தாள். இடுப்பில் செருகிய நீலக் கைலேஞ்சியின் முடிச்சில் ஆயிரத்து இருநூறு ரூபா இருக்கிறது. வீட்டில் சீனி முடிந்துவிட்டது என்று மகள் நிஸ்லா இரண்டு தரம் சொல்லிவிட்டாள். நசீறா காதில் போட்டுக்கொண்டாள், லேஞ்சியை அவிழ்க்கவில்லை. அந்தக் காசு இன்றைக்கு வந்தது. இன்றைக்கு வந்த காசை இன்றைக்குத் தொடுவதில்லை என்பது அவள் சட்டம்.

“இண்டைக்கு வந்த காசு விருந்தாளி. ஒரு ராத்திரி வீட்டில படுத்தெழும்பினாத்தான் வீட்டு ஆள். விருந்தாளியிட்ட ஆராவது வேலை வாங்குவினமோ?” என்று கேட்பாள். கேட்டவர் சிரித்தாலும் அவள் சிரிப்பதில்லை.

அலுமாரியின் கீழ்த்தட்டில் ஒரு பிஸ்கற் பெட்டி இருக்கிறது. நீல லேஞ்சி அதற்குள்ளே போகும், நேற்றைய கட்டம்போட்ட லேஞ்சி வெளியே வரும். இரண்டு லேஞ்சிகளும் இப்படி முறை மாறி வேலை செய்து மூன்று வருடமாகிறது. வெளியே வந்த காசை நசீறா பாயில் கொட்டிப் பிரித்து, வரிசையாக நிற்கும் ஐந்து பால்மா ரின்களில் போடுவாள். நிஸ்லாவின் நகப்பூச்சால் ரின்களுக்குப் பெயர் எழுதியிருக்கிறது: முதல், கூரை, வருத்தம், கறன்ற், ஸதக்கா. மா, தேங்காய், விறகு, பஸ்காசு எல்லாம் ‘முதல்’ என்ற ரின்னுக்குரியவை. அதுதான் முதலில் நிரம்ப வேண்டும், இல்லாவிட்டால் நாளைக்கு இடியப்பம் இல்லை. ‘வருத்தம்’ நோய்நொடிக்கு, ‘ஸதக்கா’ தருமத்துக்கு. ரின்களுக்குப் போனது போக மிஞ்சுவதில் அன்றைய கறி. சில நாட்களில் கறி வெறும் சொதியாக இருக்கும். ஒரு ரின்னிலிருந்து இன்னொரு ரின்னுக்குக் காசு மாற்றியதை வீட்டில் யாரும் கண்டதில்லை.

கொப்பி வேறு கதை. அதில் மூன்று நிரல்கள். முதலாவதில் என்ன வாங்கினது, இரண்டாவதில் எவ்வளவு. இவ்வளவும் எல்லோரும் எழுதக்கூடியதுதான். மூன்றாவது நிரலில் ஏன் என்று ஒரே ஒரு சொல் எழுதுவாள். அந்தச் சொற்களும் மொத்தம் ஐந்துதான்: பசி, வருத்தம், ஆசை, பயம், வெட்கம். அரிசி ஐந்து கிலோ, பசி. நிஸ்லாவுக்குக் கண்ணாடி வளையல், ஆசை. இராத்திரி நெஞ்சு நோகுது என்று ஓட்டோ பிடித்து ஆசுபத்திரிக்குப் போனது, பயம். அடுத்த தெருக் கலியாணத்துக்கு ஐந்நூறு என்று நினைத்துக்கொண்டு போய், முன்னால் நின்றவள் ஆயிரம் கொடுத்ததைக் கண்டு தானும் ஆயிரம் கொடுத்தது, வெட்கம்.

மாதக் கடைசியில் மூன்றாவது நிரலைத் தனியாகக் கூட்டிப் பார்ப்பாள். பசிக்குப் போனது எப்போதும் ஏறக்குறைய ஒரே அளவாக இருக்கும். வெட்கத்துக்குப் போனதுதான் அவளைத் திகைக்க வைக்கும். ஒரு நோன்பு மாதத்தில் அது பசியைத் தாண்டிவிட்டது. அதன் பிறகு ஒரு வருடம் எந்தக் கலியாண வீட்டுக்கும் அவள் வீட்டிலேயே காசைக் கடித உறையில் ஒட்டிக்கொண்டுதான் போனாள்.

இந்தப் பழக்கம் புத்தளத்து அகதி முகாமில் தொடங்கியது. தொண்ணூறாம் ஆண்டுப் போரில் வடக்கு முஸ்லிம்கள் விரட்டப்பட, ஊரோடு வெளியேறியபோது நசீறாவுக்கு இருபத்தொரு வயது, கலியாணமாகி ஒரு வருடம். ஓலைக் குடிசையில் இருந்துகொண்டு உப்பு வயலில் கூலிக்குப் போனாள். மாதம் பாதி தாண்டுமுன் காசு காணாமல் போய்விடும். “கள்ளன் ஆரெண்டு பிடிக்கத்தான் எழுதத் தொடங்கினனான். ரெண்டு மாசத்தில பிடிச்சிட்டன். நான்தான்” என்று அந்தக் கதையை முடிப்பாள்.

அவளுடைய கணவர் அப்துல் றசாக் நல்ல மனிதர், அதில் ஊரில் இரண்டாவது கருத்து இல்லை. படகில் தொழிலுக்குப் போகிறார். கடலில் கிடைத்த பங்கைக் கரையில் வைத்தே பாதியாக்கிவிட்டு, மீதியை மனைவியிடம் கொடுத்து, பின்னேரம் அதிலிருந்து இருநூறு திருப்பிக் கேட்பார். யாராவது கையை நீட்டினால் அவர் கை தானாகச் சட்டைப் பைக்குள் போகும். அவர் தரும் காசை நம்பி நசீறா எந்த ரின்னையும் வைத்திருப்பதில்லை. வந்தால் அன்று மீன், வராவிட்டால் சொதி. இருவரும் இதைப் பற்றிச் சண்டை பிடித்து ஓய்ந்து பல வருடமாகிவிட்டது.

அவள் சட்டத்தை அவளே மீறியது ஒரு முறைதான். அந்த ஒரு முறைக்காகக் குடும்பம் ஏழெட்டு மாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி இருக்க வேண்டி வந்தது.

ஊருக்குத் திரும்பி வந்து தகரக் கொட்டிலில் இருந்தபோது, வீட்டுத்திட்டப் பட்டியலில் அவர்கள் பெயரும் வந்தது. ஐந்தரை லட்சம் ரூபா, நாலு கட்டமாக. அத்திவாரம் முடிந்தால் ஒரு கட்டம், சுவர் யன்னலுக்கு மேலே கொங்கிறீற் போடும் மட்டத்துக்கு வந்தால் அடுத்தது, பிறகு கூரை, பிறகு பூச்சு. ஒரு கட்டத்தை முடித்துக் காட்டாமல் அடுத்த கட்டக் காசு வராது. அளவெடுக்க வந்த உத்தியோகத்தர் படத்தை விரித்துக் காட்டினார். இரண்டு அறை, ஒரு விறாந்தை, ஒரு குசினி.

றசாக் மண்வெட்டியால் மணலை விலக்கினார். முழங்கை ஆழத்தில் பழைய அத்திவாரம் கிடந்தது. சுண்ணாம்பும் கல்லுமாய்க் கட்டியது, ஓரிடத்தில்கூட வெடிக்கவில்லை. அந்தப் பக்கத்தில் பெண்ணுக்கு வீடு கொடுத்துத்தான் கட்டிக்கொடுப்பார்கள். நசீறாவுக்கு அவள் உம்மா கொடுத்த மூன்று அறை வீடு நின்ற இடம் அது. அவள் அதில் இருந்தது ஒரு வருடம். சுவர்களை யார் கொண்டுபோனார்கள் என்று யாருக்கும் தெரியாது.

“அத்திவாரம் சும்மா கிடக்கு நசீறா. இதுக்கு மேல எழுப்பினா மண் வெட்டுற கூலியும் மிச்சம், கல்லும் மிச்சம்” என்றார் றசாக்.

உத்தியோகத்தர் தலையை ஆட்டினார். “அத்திவாரத்தில மிச்சம் பிடிப்பீங்கள், சுவரில விட்டிடுவீங்கள். இது பெரிய வீட்டுக்குப் போட்டது. என்ர படத்தில உள்ளமாதிரி வெட்டுங்கோ. நான் சொல்லேல்ல எண்டு பிறகு சொல்லப்படாது.”

நசீறா அந்த மூன்றாவது அறையின் மூலையில் நின்றாள். நிஸ்லாவுக்கு இருபத்திரண்டு வயது. தன் உம்மா தனக்குக் கொடுத்ததைத் தானும் மகளுக்குக் கொடுக்கலாம் என்ற எண்ணம் வந்ததும், பத்து ரூபாவையும் ஓர் இரவு படுக்க வைப்பவள், ஐந்தரை லட்சத்துக்கு ஐந்து நிமிடம்கூடக் கொடுக்கவில்லை. “இதிலேயே எழுப்புவம்” என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு வாங்கிய முதல் லோட் கல்லுக்குக் கொப்பியில் நேர்மையாக ‘ஆசை’ என்று எழுதினாள்.

றசாக்குக்கு அன்று தரையில் கால் பாவவில்லை. நிஸ்லாவுக்குப் புத்தளத்தில் ஒரு பேச்சு நடந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளை முனவ்வர், அங்கே கைத்தொலைபேசி திருத்தும் கடையில் வேலை. அவனுடைய உம்மா ஹிதாயா சொந்தமாகத் துணிக்கடை வைத்திருந்தார். எருக்கலம்பிட்டிக் குடும்பம்தான், திரும்பி வராமல் புத்தளத்திலேயே தங்கிவிட்டவர்கள். வீடு முடிந்த பிறகு வந்து பார்க்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். றசாக் தொலைபேசியில் ஹிதாயாவை அழைத்து, “மூண்டு அறை ராத்தா, மூண்டு அறை” என்று தெருவுக்கே கேட்கச் சொல்லிவிட்டார்.

மே மாதம் தென்மேற்குக் கச்சான் காற்று தொடங்கியபோது சுவர் யன்னல் மட்டத்தில் நின்றது. காசு முடிந்துவிட்டது. அகன்ற வீட்டுக்கு அகன்ற சுவர் என்பது ஒவ்வொரு சீமெந்துக் கல்லாகப் புரிந்தது. கொங்கிறீற் மட்டத்துக்குக் கொண்டுவர இன்னும் எழுபத்தையாயிரம் வேண்டும் என்று மேசன் கணக்குச் சொன்னார். கூரை ரின்னில் இருபத்திரண்டாயிரம் இருந்தது. அதற்குப் போவது நாளொன்றுக்கு நூற்றைம்பது. காற்று மணலை அள்ளிவந்து யன்னல் ஓட்டைகளால் உள்ளே கொட்டியது. அதைத் தினமும் கூட்டி அள்ளுவது நிஸ்லாவின் வேலையாயிற்று.

அடுத்த வீட்டு றாபியாவின் முற்றத்தில் புதன்கிழமை தோறும் பெண்கள் கூடுவார்கள். ஐந்து பேர் ஒரு கடன் குழு, ஒருவருக்கொருவர் பிணை. மோட்டார் சைக்கிளில் வந்து கிழமைக் காசு வாங்குபவள் வேணுஜா, இலுப்பைக்கடவைப் பிள்ளை, மரியாதையாகப் பேசுபவள். றாபியாவின் குழுவில் ஓரிடம் காலியாக இருந்தது.

“ஐம்பதாயிரம் அன்ரி. கிழமைக்கு ஆயிரத்து இருநூற்றைம்பதுதான். ஐம்பத்திரண்டு கிழமை. கையெழுத்து வைச்சீங்கள் எண்டா வாற புதன் காசு கையில” என்றாள் வேணுஜா.

“ஒரு ராத்திரி படுக்கட்டும் பிள்ளை” என்றாள் நசீறா.

“காசு இன்னும் வரேல்லையே அன்ரி. என்னத்தப் படுக்கப் போடுறது?”

“கடனும் படுக்கத்தான் வேணும்.”

வட்டி ஹராம் என்பது பள்ளிவாசலில் சொல்வது. நசீறா அதை மறுப்பவள் அல்ல, ஆனால் அடுத்த நாள் வேணுஜாவுக்கு அவள் காட்டியது கணக்கை. ஆயிரத்து இருநூற்றைம்பதை ஏழால் பிரித்தால் நாளுக்கு நூற்றெழுபத்தொன்பது ரூபா. கூரை ரின்னுக்குப் போவது நூற்றைம்பது. “நாளுக்கு இருபத்தொன்பது ரூபா துண்டு விழுது பிள்ளை. அந்த இருபத்தொன்பது ரூபாவுக்கு நான் எந்த ரின்னில கை வைக்கிறது? முதலில வைச்சா இடியப்பம் குறையும். வருத்தத்தில வைச்சா வருத்தம் வரேக்க என்ன செய்யிறது? கடைசியில ஐம்பதாயிரத்துக்கு அறுபத்தையாயிரம் கட்டியிருப்பன், வீடும் முடிஞ்சிருக்காது.”

வேணுஜா கணக்கை இரண்டு தரம் பார்த்தாள். தவறு எதுவும் அகப்படவில்லை. “நான் இதக் கந்தோரில சொல்ல ஏலாது அன்ரி” என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை உதைத்தாள்.

றாபியாவின் பாடு நசீறாவுக்குத் தெரியும். புதன் தவணைக்குக் காசு காணாதபோது, செவ்வாய்ப் பின்னேரம் வேலிப்பக்கம் வந்து நிற்பாள். நசீறா யாருக்கும் கடன் கொடுப்பதில்லை. ஸதக்கா ரின்னில் இருப்பதை எண்ணிக் கொடுத்துவிடுவாள், திருப்பித் தரவேண்டாம் என்று சொல்லியே கொடுப்பாள். “கடனாக் குடுத்தா அவளும் என்ர முகத்தப் பாக்கமாட்டாள், நானும் பாக்கமாட்டன். பக்கத்து வீட்டுச் சினேகத்த முந்நூறு ரூபாவுக்கு விக்க ஏலுமோ?” என்பாள்.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆ முடிந்து றசாக் சாப்பிட உட்கார்ந்தபோது நசீறா சொன்னாள்: “மூண்டாவது அறைய விடுவம். எழுப்பின கல்லக் கழட்டி இஞ்சால குறுக்குச் சுவருக்குப் போடுவம். மேசனிட்டக் கேட்டுட்டன். இருபத்தெட்டாயிரத்தோட முடியும். கூரை ரின்னுக்கு ஆறாயிரம்தான் காணாது. நாப்பது நாள்.”

றசாக் கையை உதறிவிட்டார். “புத்தளத்துக்கு மூண்டறை எண்டு சொல்லிப்போட்டன். இனி என்னெண்டு தலை காட்டுறது? சம்பந்தம் போயிடும் நசீறா.”

“போனாலும் போகும்” என்றாள் நசீறா. சொல்லும்போது மகளைத்தான் பார்த்தாள். வீட்டைப் பற்றி எவ்வளவு கணக்குப் பார்த்தாலும், அந்தக் கணக்கின் அடுத்த பக்கத்தில் இந்தப் பிள்ளையின் வாழ்க்கை இருந்தது. அந்தப் பையனின் படத்தை நிஸ்லா தன் கைத்தொலைபேசியில் வைத்திருப்பதும் அவளுக்குத் தெரியும்.

நிஸ்லா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னாள்: “உம்மா, மூண்டறையையும் கடனையும் சேத்துத் தந்தா, அந்தக் கடனக் கட்டுறதும் நான்தானே?” பிறகு எழும்பிக் கை கழுவிவிட்டு, வாப்பாவின் சுத்தியலைத் தேடி எடுத்தாள். “எந்தக் கல்லில தொடங்கிறது?”

தாயும் மகளும் இரண்டு கிழமை பின்னேரங்களில் கல் கழற்றினார்கள். இருநூற்றுப் பத்துக் கல் முழுதாக வந்தது, மீதி உடைந்தது. முதல் கல் ஆடிக் கழன்றபோது நசீறா அத்திவாரத்தில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். நிஸ்லா தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். றசாக் கொஞ்ச நேரம் தள்ளி நின்று பார்த்துவிட்டு, சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு கடப்பாரையை எடுத்து வந்தார். நாற்பதாம் நாள் கூரை ரின் இருபத்தெட்டாயிரமாயிற்று. சுவர் எழும்பியது, உத்தியோகத்தர் அளந்து பார்த்துக் கையெழுத்து வைத்தார், அடுத்த கட்டக் காசு வந்தது. ஆவணி முடிய வீட்டுக்கு ஓடு போட்டாயிற்று.

வெளியே விடுபட்ட மூன்றாவது அறையின் அத்திவாரத்தை நசீறா கழுவித் துடைத்தாள். அவித்த மாவைப் பரப்பவும் இடியப்பத் தட்டுகளைக் காயவைக்கவும் அதைவிட நல்ல இடம் கிடையாது. முன்பு பாயில் காயவைத்தபோது மணல் விழுந்து வீணான மாவின் கணக்கும் கொப்பியில் இருக்கிறது. இப்போது அந்த வரி வருவதில்லை.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு மூன்று கிழமை இருக்கும்போது ஹிதாயா வீடு பார்க்க வந்தார். முனவ்வரும் ஊருக்கு வந்திருந்தான். ஆனால் பேச்சு முடியும்வரை பெண் வீட்டுப் படியேறக் கூடாது என்பதால் உறவுக்காரர் வீட்டில் நின்றுவிட்டான். ஹிதாயா கடைக்காரி, பார்வை கறாரானது. செருப்பைக் கழற்றும்போதே கூரையைக் கண்ணால் அளந்துவிட்டு, உள்ளே போய் இரண்டு அறைகளையும் திறந்து பார்த்தார். மூன்றாவது கதவு எங்கே என்று அவர் கண் தேடியதை வீட்டில் இருந்த எல்லோரும் கண்டார்கள். பிறகு குசினி வாசலால் வெளியே வந்து அத்திவாரத்தின் முன் நின்றார்.

“இது போர்ட்டிகோவுக்கு விட்டது ராத்தா. நாளைக்கு மருமகன் கார் வாங்கினா நிப்பாட்ட வேணுமெல்லோ” என்றார் றசாக்.

நசீறாவுக்கு முகம் சுட்டது. “இல்ல ராத்தா. இது அறை. காசில்லாமல் விட்டனாங்கள்” என்றாள்.

றசாக் கடலில் விழுந்தவர்போல முழித்தார். ஹிதாயா உள்ளே வந்து கதிரையில் உட்கார்ந்தார். “மூண்டு அறை எண்டு சொன்னீங்கள். நானும் எங்கட ஆக்களுக்கு அப்படித்தான் சொல்லியிருக்கிறன்” என்றார் மெதுவாக. நிஸ்லா தேநீரும் பிஸ்கற்றும் கொண்டுவந்து வைத்துவிட்டு அறைக்குள் போனாள். கதவை முழுதாகச் சாத்தவில்லை.

நசீறா அலுமாரியைத் திறந்து கொப்பியை எடுத்து ஹிதாயாவின் மடியில் வைத்தாள். “எனக்கு விளங்கப்படுத்தத் தெரியாது ராத்தா. இதில எல்லாம் இருக்கு, பாருங்கோ.”

ஹிதாயா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கடைசியாகக் கணக்கு எழுதிய பக்கத்திலிருந்து பின்னோக்கித் தொடங்கினார். கடைக்காரர்கள் கணக்கு வாசிப்பதுபோல விரலை ஓட்டி வாசித்தார். தேநீரில் ஆடை படிந்தது. றசாக் இரண்டு தரம் வெளியே போய் வந்தார். ஓரிடத்தில் ஹிதாயாவின் விரல் நின்றது.

“பிஸ்கற் நூற்றெண்பது, வெட்கம். இது நேத்தைய திகதி. எங்களுக்கு வாங்கினதோ?”

“ஓம் ராத்தா.”

ஹிதாயா தட்டைப் பார்த்தார். ஒரு பிஸ்கற்றை எடுத்துக் கடித்துக்கொண்டு திரும்பவும் வாசித்தார். இன்னும் பல பக்கங்கள் பின்னால் போய் மறுபடி நின்றார்.

“கல்லு ஒரு லோட், ஆசை எண்டு இருக்கு. ஆற்ற ஆசை? இவர்ட ஆசையோ?”

“என்ர ஆசை” என்றாள் நசீறா. “எனக்கு உம்மா தந்தது மூண்டறை.”

ஹிதாயா தலையாட்டினார். கொப்பியின் பின்பக்கத்தைத் திருப்பினார். அங்கேதான் தீர வேண்டியவை எழுதியிருக்கும். கடைக்குச் சீமெந்துக் காசு, மேசனின் கூலி, ஓட்டுக்காரனின் மீதி. எல்லா வரியிலும் சீப்பு முதுகின் நேர்கோடு. “கடன்?” என்று கேட்டார்.

“கோடு போடாத வரி ஒண்டும் இல்ல.”

தேநீரைக் குடித்துவிட்டு ஹிதாயா எழும்பினார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. “இந்தக் கொப்பிய ஒரு நாளைக்குத் தாறீங்களோ? மகனுக்குக் காட்டோணும்.”

கொப்பி அதுவரை வீட்டை விட்டுப் போனதில்லை. நசீறா ஒரு கணம் தயங்கினாள். பிறகு, “கொண்டு போங்கோ. ஒரு ராத்திரி படுத்தெழும்பட்டும்” என்றாள். ஆனால் கொடுப்பதற்கு முன் பென்சிலை எடுத்துப் பின்பக்கத்தில் புதிய வரி எழுதினாள்: கொப்பி, ஹிதாயா ராத்தா, ஒரு நாள். மூன்றாவது நிரலில் பென்சில் நின்றது. எழுதாமல் விட்டால் அது பொய்க் கணக்கு. ‘பயம்’ என்று எழுதி, பென்சிலை உள்ளேயே வைத்து மூடிக் கொடுத்தாள். கொப்பியைக் கடனாகக் கொடுத்ததை அந்தக் கொப்பியிலேயே எழுதிக் கொடுத்துவிட்டாள் என்பது, ஹிதாயா தெரு முனை திரும்பிய பிறகுதான் றசாக்குக்கு உறைத்தது. அவர் சிரிக்கத் தொடங்கி, மனைவியின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

அன்று பின்னேரம் வாங்கிய உப்பையும் தீப்பெட்டியையும் கலண்டர்த் தாளின் பின்னால் எழுதிவைத்தாள். அடுத்த நாள் வழக்கம்போல முந்நூறு இடியப்பம் அவித்து, வழக்கமான பஸ்ஸில் போய், வழக்கமான பஸ்ஸில் திரும்பினாள். நீல லேஞ்சி இடுப்பில் இருந்தது.

ஹிதாயா வீட்டுக்குள்ளே போகாமல் மூன்றாவது அறையின் அத்திவாரத்தில், காயும் தட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். நசீறாவைக் கண்டதும் பக்கத்தில் இருந்த தட்டுகளை ஒதுக்கி இடம் விட்டார். நசீறா உட்கார்ந்தாள்.

“மூத்த மகளுக்கு நாங்கள் புத்தளத்தில வீடு கட்டினது மூண்டறையும் மேல்மாடியும்” என்றார் ஹிதாயா. “ஆறு வருசம். இன்னும் லோன் கட்டுறம். நான் உங்களமாதிரி எழுதியிருந்தனெண்டா வரிக்கு வரி வெட்கம் எண்டுதான் வரும்.” கைப்பையைத் திறந்து கொப்பியை எடுத்து நீட்டினார். “கடைசிப் பக்கத்தப் பாருங்கோ. அவன்தான் எழுதினவன்.”

நசீறா பின்பக்கத்தைத் திருப்பினாள். அவள் எழுதிய வரிக்குக் கீழே, நீலப் பேனையால், வேறொரு கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. சீமெந்துக் கல் 300, கலியாணத்துக்குப் பிறகு, முனவ்வர். மூன்றாவது நிரலையும் அவன் விடவில்லை. ‘ஆசை’ என்று போட்டிருந்தான்.

நசீறா அதை இரண்டு தரம் வாசித்தாள். கதவுக்குப் பின்னால் நிஸ்லாவின் வளையல் சத்தம் கேட்டது. ஹிதாயா வேறெங்கோ பார்த்துக்கொண்டு இடியப்பத் தட்டொன்றைத் திருப்பி வெயிலுக்கு வைத்தார்.

நசீறா கொப்பிக்குள்ளிருந்து பென்சிலை எடுத்தாள். கொடுத்த கொப்பி சொன்ன நாளில் திரும்பி வந்துவிட்டது. அந்த வரி தீர வேண்டும். சீப்பு உள்ளே அலுமாரித் தட்டில் இருந்தது. அதை எடுக்க அவள் எழும்பவில்லை. வெறுங்கையால் கோடு இழுத்தாள். கொப்பி என்ற சொல்லில் தொடங்கி, பயம் என்ற சொல்லின் மேலால், கோடு கோணல்மாணலாக ஓடி, தாளின் ஓரம் வரை போய் நின்றது.